கூடம் கோணலா, ஆட்டம் கோணலா? வியூக விளையாட்டுப் போட்டிகளும் வரைபட அமைப்புகளும்

ஒரு காட்டுப்பன்றியில் 340 உணவு இருக்கிறது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்ற கணினி வியூக விளையாட்டை ஆடுகிறவர்களுக்கு இது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். வேலையாளான ஒரு வில்லேஜரை உருவாக்க 50 உணவு வேண்டும். ஆட்டத்தின் முதல் கட்டமான இருண்ட காலத்திலிருந்து அடுத்த கட்டமான ஃபியூடல் காலத்துக்கு நகர 500 வேண்டும். வழக்கமாக ஆளுக்கு இரண்டு பன்றிகள் கிடைக்கும். வரைபடத்தை உருவாக்கும் நிரல் ஏதோ ஒரு நெருக்கடியில் ஒருவருக்கு இரண்டும் மற்றவருக்கு ஒன்றுமாக வைத்துவிட்டால், பின்னவருக்கு ஏறக்குறைய ஏழு வில்லேஜர்களுக்கான சாப்பாடு முதல் நொடியிலேயே பறிபோகிறது. அந்த ஆட்டத்தில் ஏழு வில்லேஜர் என்பது சின்ன விஷயம் அல்ல. தேர்ந்த இரண்டு பேர் மோதினால், பத்தாவது நிமிடத்தில் மூன்று நான்கு வில்லேஜர் வித்தியாசமே வெற்றி தோல்வியின் திசையைச் சொல்லிவிடும்.

புதிதாகப் போட்டி நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இதை யோசிப்பதில்லை. இருவரும் ஒரே வரைபடத்தில்தானே ஆடுகிறார்கள், யாருக்கு எந்த மூலை என்பதைக் கணினிதானே முடிவு செய்கிறது, இதில் அநியாயம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். குலுக்கல் சீட்டு எல்லோருக்கும் சமவாய்ப்பைத் தருகிறது, உண்மைதான். ஆனால் சீட்டு விழுந்த பிறகு நடக்கும் ஆட்டம் சமமானதா என்பது வேறு கேள்வி. போட்டி விதிகளில் வரும் சச்சரவுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

இந்தக் கட்டுரைக்கு 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'ஐ எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. என்செம்பிள் ஸ்டூடியோஸ் 1999இல் வெளியிட்ட இந்த விளையாட்டு, 2019இல் வந்த டெஃபினிட்டிவ் பதிப்பின் உதவியால் இன்றும் பரிசுத்தொகையோடு போட்டிகள் நடக்கும் அளவுக்கு உயிரோடு இருக்கிறது. அதைவிட முக்கியமான காரணம், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நிலத்தைப் புதிதாக உருவாக்கும் பழக்கத்தை அது விடவே இல்லை. சதுரங்கப் பலகை மாறுவதில்லை. 'ஸ்டார்கிராஃப்ட்' என்ற இன்னொரு வியூக விளையாட்டின் வரைபடமும் ஆளின் கையால் வரைந்து முடித்தது. இங்கோ, ஆட்டக்காரர்கள் உள்ளே நுழையும் நொடியில்தான் மலை எங்கே, காடு எங்கே, தங்கம் எங்கே என்பது முடிவாகிறது.

நிலம் எப்படிப் பிறக்கிறது

வரைபடத்தின் பெயர் அரேபியா என்று சொன்னால், அது ஒரு நிலத்தின் பெயர் அல்ல. ஒரு செய்முறையின் பெயர். அந்தச் செய்முறை சாதாரண உரைக்கோப்பாக இருக்கிறது. ஆட்டக்காரர்கள் அதை ஸ்கிரிப்ட் என்கிறார்கள். ஆளுக்கு இத்தனை ஆடு, இத்தனை பன்றி, இத்தனை பெர்ரிச் செடி. நகர மையத்திலிருந்து இத்தனை கட்டத்துக்குக் குறையாத தொலைவில், இத்தனை கட்டத்தை மீறாத தொலைவில் ஏழு கட்டித் தங்கம் கொண்ட ஒரு குவியல் என்று அதில் எழுதியிருக்கும். ஒரு கட்டியில் 800 தங்கம். ஆக முதல் குவியலில் மட்டும் 5600. எண்ணிக்கையில் இருவருக்கும் ஒரு குறையும் கிடையாது.

எந்தத் திசையில் வைக்க வேண்டும் என்பதுதான் பழைய ஸ்கிரிப்டுகளில் இல்லாத வரி. ஒருவருடைய தங்கம் அவர் வீட்டுக்குப் பின்புறம், வரைபடத்தின் ஓரத்தை ஒட்டி விழும். மற்றவருடையது எதிரியைப் பார்த்த பக்கம் விழும். ஆட்டக்காரர்கள் இதை முன்தங்கம் என்று சலித்துக்கொள்வார்கள். ஃபியூடல் காலத்தில் எதிரியின் வில்லாளிகள் கிளம்பி வரும்போது, பின்தங்கக்காரரின் வில்லேஜர்கள் வீட்டு நிழலில் வெட்டிக்கொண்டிருப்பார்கள். முன்தங்கக்காரரின் வில்லேஜர்கள் அம்புக்கு முதல் இலக்காக நிற்பார்கள். அந்தத் தங்கத்தின் அருகே ஒரு மேடும் இருந்துவிட்டால் கதை முடிந்தது. இந்த விளையாட்டில் மேட்டிலிருந்து தாக்கினால் சேதம் 25% கூடும், கீழிருந்து மேல்நோக்கித் தாக்கினால் 25% குறையும். எதிரி அந்த மேட்டில் ஒரு காவல் கோபுரத்தைக் கட்டிவிட்டால், தங்கம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

காடும் அப்படியே. அரேபியா திறந்த வெளி. அதனால் மரக்கூட்டங்களுக்கு இடையே உள்ள திறப்புகளை மரவேலியால் அடைத்து வீட்டைப் பத்திரப்படுத்துவது ஆட்டத்தின் பெரும்பகுதி. ஒருவருக்கு மூன்று திறப்புகளை அடைத்தால் போதும். மற்றவர் வீட்டைச் சுற்றி மரங்கள் ஆங்காங்கே சிதறிக் கிடந்து, எட்டு இடத்தில் வேலி போட வேண்டியிருக்கும். ஆடு, பன்றி, தங்கம், கல் எல்லாம் எண்ணி வைத்தாற்போல் சமமாக இருந்தும், ஒரு கண்ணுக்கு வெண்ணெய் ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்று ஆகிவிடுகிறது.

போட்டிக்கென்று தனி ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் செய்யும் வேலை இந்த வித்தியாசத்தை முழுக்க ஒழிப்பது அல்ல. குறைந்தபட்ச, அதிகபட்சத் தொலைவுகளின் இடைவெளியைச் சுருக்குகிறார்கள். முதல் தங்கத்தின் அருகே மேடு வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். அது எதிரியின் பக்கம் போகாமல் தடுக்கிறார்கள். இரண்டாவது மூன்றாவது குவியல்களை விட்டுவிடுகிறார்கள். அவை எங்கே விழுந்தாலும் அதற்கேற்ப ஆடட்டும் என்று. 'கிங் ஆஃப் தி டெசர்ட்' போட்டி முழுக்க முழுக்க அரேபியாவிலேயே நடப்பது. ஒரே வரைபட வகையை வைத்துக்கொண்டு ஒரு பெரிய போட்டியை நடத்த முடிகிறது என்றால், அதன் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு வரிக்கும் அவ்வளவு உழைப்பு தேவைப்படுகிறது.

கண்ணாடி போட்டால் போதாதா?

இவ்வளவு சிரமம் எதற்கு, வரைபடத்தின் ஒரு பாதியை அப்படியே மறுபாதியில் பிரதி எடுத்துவிட்டால் என்ன என்று தோன்றும். 'ஸ்டார்கிராஃப்ட்' உலகம் அந்த வழியில்தான் போனது. போய்ச் சேர நீண்ட காலமும் பிடித்தது. அதன் ஆரம்பக் காலப் போட்டிகளில் மிகப் பிரபலமாக இருந்த 'லாஸ்ட் டெம்பிள்' வரைபடத்தில் நான்கு தொடக்க இடங்கள் உண்டு. இரண்டாவது தளம் அமையும் இடத்துக்கு மேலே ஒரு பாறைத்திட்டு. டெரன் இனத்தை ஆடுபவர் விமானத்தில் இரண்டு டாங்கிகளைக் கொண்டுவந்து அந்தத் திட்டில் இறக்கிவிட்டால் கீழே இருப்பவருக்குத் தலைவலி. எந்த மூலையில் யார் பிறந்தார் என்பதைப் பொறுத்து அந்தத் தலைவலியின் அளவும் மாறியது. கொரியாவின் தொலைக்காட்சிப் போட்டிகள் பின்னர் தங்களுக்கென்று வரைபடம் வரைபவர்களை வைத்துக்கொண்டன.

2010இல் 'ஸ்டார்கிராஃப்ட் 2' வந்தபோது பழைய பாடத்தை மறுபடி படிக்க வேண்டியிருந்தது. விளையாட்டோடு வந்த 'ஸ்டெப்ஸ் ஆஃப் வார்' வரைபடத்தில் இரு தளங்களுக்கும் இடையே நடைதூரம் மிகக் குறைவு; சீக்கிரம் தாக்குகிறவர் பக்கம் தராசு சாய்ந்தது. நான்கு தொடக்க இடங்கள் கொண்ட 'மெட்டலோபொலிஸ்' வரைபடத்தில் இருவரும் அடுத்தடுத்த இடங்களில் பிறந்தால் ஒரு ஆட்டம், எதிரெதிர் மூலையில் பிறந்தால் முற்றிலும் வேறு ஆட்டம். அடுத்தடுத்துப் பிறப்பதைப் போட்டிப் பதிப்புகளில் முடக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு இருவர் மோதும் ஆட்டங்களுக்கு இரண்டே தொடக்க இடம் கொண்ட வரைபடங்கள் பெருகின.

சமச்சீரான வரைபடமும் முழுச் சமம் ஆவதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. பழைய 'ஸ்டார்கிராஃப்ட்'டில் தளத்துக்கு எந்தப் பக்கம் கேஸ் ஊற்று இருக்கிறது என்பதைப் பொறுத்து, தொழிலாளர்கள் நடந்து திரும்பும் வழி மாறும். அதனால் வருமானமும் சற்று மாறும். ஒரு பக்கத்தில் மூன்று பேர் போதும் என்றால் மறுபக்கத்தில் அதே வேகத்துக்கு நான்காவது ஆள் தேவைப்படும். வரைபடத்தைக் கண்ணாடியில் திருப்பலாம், விளையாட்டு இயந்திரத்தைத் திருப்ப முடியாது. அது கட்டங்களை எப்போதும் ஒரே மூலையிலிருந்துதான் எண்ணுகிறது.

எனக்குக் கண்ணாடி வரைபடங்கள் மீது வேறொரு குறையும் உண்டு. உன் தங்கம் இருக்கும் இடத்தைப் பார்த்தாலே எதிரியின் தங்கம் எங்கே என்று தெரிந்துவிடுகிறது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஆட்டத்தில் வேவுக் குதிரையை எந்தப் பாதையில் ஓட்டுவது, எதிரியின் வீட்டு அமைப்பைப் பார்த்துத் திட்டத்தை எப்போது மாற்றுவது என்பவை தனித் திறமைகள். நிலத்தை முன்கூட்டியே காட்டிவிட்டால், மனப்பாடம் செய்த முதல் பத்து நிமிடங்களை வேகமாக ஒப்பிப்பவரே முந்துவார். வாய்த்த நிலத்துக்கு ஏற்ப ஆடத் தெரிந்தவர் யார் என்பதை அளக்க நினைக்கும் போட்டிக்கு, வரம்புக்குள் அடைத்த அதிர்ஷ்டம் கொஞ்சம் தேவை என்பது என் கட்சி. வரம்பு எங்கே என்பதை முதலிலேயே எழுதிவைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

யாருடைய நிலம்?

நிலம் இரு மூலைக்கும் சமமாக இருப்பது ஒரு நியாயம். இரு படைகளுக்கும் சமமாக இருப்பது இன்னொரு நியாயம். இரண்டாவதுதான் கடினம்.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் உதாரணத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரலில் வெளியான 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' விரிவாக்கத்தில் திராவிடர் என்ற நாகரிகம் (ஆட்டக்காரர் தேர்ந்தெடுத்து ஆடும் இனம்) சேர்க்கப்பட்டது. கூடவே ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை வைத்து ஒரு கதைத்தொடரும் வந்தது. இந்த நாகரிகத்துக்கு உருமி வீசும் வீரர்களும் திரிசடை என்ற பெருங்கப்பலும் உண்டு. ஒவ்வொரு காலத்துக்கும் முன்னேறும்போது 200 மரம் இலவசமாகக் கிடைக்கும். மீன்பிடிப் படகுகள் கூடுதல் சுமை தூக்கும். துறைமுகங்களே கொஞ்சம் மக்கள்தொகைக்கு இடம் தரும். வீடு கட்டும் மரம் மிச்சம். ஆனால் நைட் எனப்படும் கனத்த குதிரை வீரர் வரிசை கிடையாது.

இதை அரேபியாவில் இறக்கிப் பாருங்கள். திறந்த வெளியில் குதிரைப்படையோடு பாய்ந்து, அடித்து, மீண்டு ஓடும் எதிரியை இவர்கள் நடந்தே துரத்த வேண்டியிருக்கும். அந்த வகை வரைபடங்களில் திராவிடர் நோஞ்சான் என்பது ஆட்டக்காரர்களிடையே பரவலான கருத்து. அதே ஆட்களைத் தீவு வரைபடத்தில் இறக்கினால் காட்சி மாறுகிறது. ஒரு துறைமுகம் கட்ட 150 மரம். ஃபியூடல் காலத்தில் நுழைந்ததுமே கையில் வந்து விழும் 200 மரத்தில் இரண்டாவது துறைமுகத்தை அப்போதே எழுப்பிவிடலாம். கடலை முதலில் பிடித்தவர் மீனையும் பிடிக்கிறார், கரையையும் பிடிக்கிறார். ஆக, ஒரு நாகரிகம் பலமானதா பலவீனமானதா என்ற கேள்விக்கு வரைபடத்தைச் சொல்லாமல் பதிலே கிடையாது. சோழர் கடற்படையின் பெருமை பேசும் நம்மவர் யாராவது அரேபியாவில் திராவிடரை எடுத்துத் தோற்றுவிட்டு விளையாட்டு நிறுவனத்தைத் திட்டுவதைப் பார்க்கும்போது, கப்பலைப் பாலைவனத்தில் ஏன் இறக்கினார் என்று கேட்கத் தோன்றும்.

போட்டி நடத்துகிறவர் செய்யக்கூடாத முதல் காரியம், நாகரிகத்தையும் கணினியின் குலுக்கலுக்கு விடுவது. பார்வைக்கு அதுதான் நடுநிலை. நடைமுறையில், நீர் வரைபடத்தில் ஒருவருக்கு வைக்கிங், மற்றவருக்குக் கடலில் எந்தச் சலுகையும் இல்லாத ஏதோ ஒன்று என்று வந்து நிற்கும். 1999இல் 13 நாகரிகங்கள் இருந்தன. இப்போது 40ஐத் தாண்டிவிட்டது. 40 என்றே வைத்துக்கொண்டாலும் வெவ்வேறு ஜோடிகளின் எண்ணிக்கை 780. அதை வரைபடங்களின் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். எந்தப் போட்டியும் இத்தனை ஜோடிகளைச் சோதித்துச் சமன் செய்ய முடியாது.

சோதனை என்றதும் இன்னொரு எச்சரிக்கை. பத்து ஆட்டத்தில் ஏழு ஆட்டங்களை ஒரு நாகரிகம் வென்றுவிட்டால் அதைத் தடை செய்யச் சொல்லிக் குரல் எழும். ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால், ஏதோ ஒரு பக்கம் ஏழு அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் மேல். ஒரு வார இறுதிப் போட்டியின் முடிவுகளை வைத்து நாகரிகங்களைத் தரம் பிரிப்பது அந்த நாணயத்தைக் குறை சொல்வதற்குச் சமம். தரவரிசை ஆட்டங்களின் ஆயிரக்கணக்கான முடிவுகளில் இருந்து கிடைக்கும் சராசரிகள் கொஞ்சம் உதவும். அவையும் நடுத்தர ஆட்டக்காரர்களின் சராசரிதான். முதல் இருபது பேரின் கையில் அதே நாகரிகம் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

ஆகவே, சமன் செய்யும் பொறுப்பை ஆட்டக்காரர்களிடமே கொடுத்துவிடுவது நடைமுறையானது. இதற்குத்தான் டிராஃப்ட். ஆட்டத்துக்கு முன் இருவரும் இணையத்தில் ஒரு பக்கத்தில் அமர்ந்து, முறைவைத்து வரைபடங்களையும் நாகரிகங்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள், தடை செய்கிறார்கள். சில வடிவங்களில் எதிரி தேர்ந்தெடுத்த ஒன்றைப் பிறகு பறித்துக்கொள்ளவும் வழி உண்டு; அதை ஸ்னைப் என்பார்கள். ஒருவர் தேர்வு முடியும் வரை மற்றவருக்குத் தெரியாத மறைமுகத் தேர்வும் உண்டு. கடலில் வைக்கிங் அநியாயம் என்று நினைக்கிறாயா, தடை செய். அல்லது நீ எடுத்துக்கொள். பங்கு பிரிப்பவர் ஒருவர், முதலில் எடுப்பவர் இன்னொருவர் என்ற பழைய ஏற்பாட்டின் நீட்டிப்புதான் இது. வரைபடத்தை எப்படி வேண்டுமானாலும் வையுங்கள். ஒரு பக்கச் சாய்வு தெரிந்தால் அதை முதலில் கண்டுபிடிப்பவருக்கே பயன் போய்ச் சேரும். கண்டுபிடிப்பதும் திறமைதானே.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. எதிரி யார் என்று தெரிந்தால், தடைகள் வரைபடத்தைப் பார்த்து விழாமல் ஆளைப் பார்த்து விழும். அவர் அரீனாவில் கெட்டிக்காரர், ஆகவே அரீனாவுக்குத் தடை. அரீனா என்றால் ஆளுக்கொரு கல்மதிலுக்குள் பாதுகாப்பாகத் தொடங்கும் வரைபடம்; அரேபியாக்காரர்களுக்கும் அரீனாக்காரர்களுக்கும் நடக்கும் பங்காளிச் சண்டை இந்த விளையாட்டின் வயதுக்கு உரியது. 'ஹிடன் கப்' என்ற போட்டி வேறொரு வழியைக் காட்டியது. அதில் ஆட்டக்காரர்களின் பெயர்கள் மறைக்கப்பட்டு, வரலாற்று மனிதர்களின் பெயர்களில் ஆடுகிறார்கள். பார்வையாளர்களுக்கு அது ஊகிக்கும் விளையாட்டு. டிராஃப்ட் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கோ, எதிரியின் பழக்கத்தை வைத்துத் தடை போடும் வசதி அடிபட்டுப் போகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க 'கோ' என்ற பலகை விளையாட்டு இருக்கிறது. கறுப்புக் காய் முதலில் வைப்பதன் சாதகத்துக்கு ஈடாக வெள்ளைக்குப் புள்ளிகள் தருவார்கள். கோமி என்று பெயர். ஜப்பானில் அது 5.5 ஆக இருந்து 2002இல் 6.5 ஆனது. பல பத்தாண்டு ஆட்ட முடிவுகளைப் பார்த்து, புள்ளி புள்ளியாக நகர்த்திய கணக்கு அது. பலகை மாறாத விளையாட்டுக்கே இவ்வளவு நிதானம் தேவைப்பட்டது. பேட்ச் எனப்படும் திருத்தப் பதிப்பு வந்ததும் எல்லாம் மாறிவிடும் விளையாட்டில் அப்படி ஒரு எண்ணை நிலைநிறுத்த வழியே இல்லை.

ஆட்டங்களைக் கூட்டினால் அதிர்ஷ்டம் குறையுமா?

குறையும். நினைக்கும் அளவுக்குக் குறையாது. ஒரு தனி ஆட்டத்தில் 60% வெல்லக்கூடியவர், மூன்றில் இரண்டு என்ற தொடரில் சுமார் 65% வெல்வார். ஐந்தில் மூன்று என்றால் 68%. ஏழில் நான்கு என்றால்தான் 71%ஐத் தொடுகிறார். ஒன்றிலிருந்து ஏழுக்குப் போக ஒரு நாள் மாலையே செலவாகும். கிடைப்பது பதினொரு புள்ளி. மாறாக, முன்தங்கமும் குறைப்பன்றியும் இல்லாத ஸ்கிரிப்டைப் பயன்படுத்தினால் அந்த 60 என்ற எண்ணே 65 ஆகக்கூடும். நேரம் குறைவாக உள்ள சிறு போட்டிகள் ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன் ஸ்கிரிப்டைத் தேடிப் பார்ப்பது லாபம்.

தொடருக்குள் வரைபடங்களை எப்படி அடுக்குவது என்பதற்கு வழக்கமான ஏற்பாடு உண்டு. ஏழெட்டு வரைபடங்களை அறிவித்துவிட்டு, ஆளுக்கு ஒன்றைத் தடை செய்யச் சொல்லி, ஆளுக்கு ஒன்றைத் தன் சொந்த வரைபடமாக வைத்துக்கொள்ளச் சொல்லலாம். மிச்சத்தைத் தோற்றவர் தேர்ந்தெடுக்கலாம். அறிவிக்கும் தேதிதான் இங்கே உயிர்நாடி. புத்தம் புதிய வரைபடங்களைக் கடைசி வாரத்தில் அறிவித்தால், கூட ஆட நான்கு தேர்ந்த நண்பர்கள் உள்ளவருக்கு அது வரம். வேலைக்குப் போய்விட்டு இரவில் ஒரு மணிநேரம் ஆடுகிறவருக்குச் சாபம். பழைய வரைபடங்களையே வைத்தால் இருபது வருட அனுபவசாலிகள் முந்துவார்கள். சிறு போட்டி என்றால் பழகிய ஐந்தும் புதிய இரண்டும் என்ற விகிதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

மற்ற பொத்தான்களை வேகமாகப் பார்த்துவிடலாம். வரைபட அளவு இருவருக்கு 120×120 கட்டம். பெரிதாக்கினால் படை நடந்து சேர்வதற்குள் எதிரி கோட்டை கட்டிவிடுவார், பொறுமையாக வளர்பவருக்குச் சாதகம். மக்கள்தொகை வரம்பு 200, டெஃபினிட்டிவ் பதிப்பின் வழக்கமான வேகம் 1.7, இவற்றைத் தொடாமல் விடுங்கள், எல்லோருடைய கையும் அதற்குத்தான் பழகியிருக்கிறது. வெற்றி நிபந்தனை 'கான்குவெஸ்ட்' மட்டும், அதாவது எதிரியை வீழ்த்தினால்தான் வெற்றி. இல்லாவிட்டால் யாராவது ஒரு மூலையில் உலக அதிசயம் கட்டிக்கொண்டு உட்காருவார். நிலத்தை முன்கூட்டியே திறந்துகாட்டும் அமைப்பு வேண்டுமா என்பது வரைபடத்தைப் பொறுத்தது. ஏமாற்றுக் குறியீடுகளை முடக்குங்கள், ஒவ்வொரு ஆட்டத்தையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். சச்சரவு வரும்போது அந்தப் பதிவுதான் சாட்சி.

தொடக்க வளம் மட்டும் ஒரு வரி கூடக் கேட்கிறது. வழக்கமான தொடக்கம் 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல், மூன்று வில்லேஜர். சீனர்களுக்கு ஆறு வில்லேஜர், அதற்கு ஈடாக 200 உணவும் 50 மரமும் குறைவு. அதாவது கையில் உணவே இல்லாமல் தொடங்குவார்கள். யாராவது "விறுவிறுப்பாக இருக்கட்டும்" என்று தொடக்க வளத்தை உயர்த்திவிட்டால் சீனர்களுக்கு வைத்த அந்தத் தண்டனை காணாமல் போய்விடும், மூன்று வில்லேஜர் சாதகம் அப்படியே நிற்கும். ஒரு பொத்தானைத் திருப்பினால் எங்கோ இருக்கும் ஒரு தராசு சாயும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ரீஸ்டார்ட் கேட்கும் உரிமை

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். போட்டி நிர்வாகிகள் தோற்றவரின் புகாரைக் கேட்கும்போதெல்லாம் இந்தப் பழமொழி நாக்கின் நுனியில் வந்து நிற்கும். இந்த விளையாட்டில் சில சமயம் கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். பன்றி காணவில்லை, தங்கம் மரங்களுக்கு நடுவே அடைபட்டுக் கிடக்கிறது, வீட்டிலிருந்து வெளியே போக வழியில்லை என்பதெல்லாம் அரிதாக நடக்கும். அப்போது ஆட்டத்தைக் கலைத்து மறுபடி தொடங்குவதே முறை.

விதியை எழுதும்போது மூன்று விஷயங்களைத் தெளிவாக்க வேண்டும். முதலாவது, எது பழுது, எது துரதிர்ஷ்டம். பன்றி இல்லாதது பழுது. தங்கம் முன்பக்கம் விழுந்தது துரதிர்ஷ்டம். அதோடுதான் ஆட வேண்டும். இந்தக் கோட்டை முன்கூட்டியே கிழிக்காவிட்டால், யாருக்குப் பிடிக்காத நிலம் வந்தாலும் அதற்குப் பழுது என்று பெயர் வைப்பார்கள்.

இரண்டாவது, எத்தனை நிமிடத்துக்குள் கேட்க வேண்டும். நேரம் போகப்போக, கேட்பவருக்கு எதிரியின் திட்டமும் தெரிந்துவிடுகிறது. வேவுக் குதிரையை எதிரி வீட்டு வாசல்வரை அனுப்பி, அவர் குதிரைலாயம் கட்டுகிறாரா வில்லாளிக்கூடம் கட்டுகிறாரா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு "என் இரண்டாவது பன்றியைக் காணவில்லை" என்று சொல்வதை ஏற்கக் கூடாது. பன்றிகள் நகர மையத்திலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள்தான் இருக்கும். தேடிப்பார்க்க முதல் சில நிமிடங்கள் போதும். அந்த எல்லைக்குள் கேட்கத் தவறினால் உரிமை போயிற்று.

மூன்றாவது, யார் தீர்ப்பு சொல்வது. இருவரும் ஒப்புக்கொண்டால் நிர்வாகிக்கு வேலையே இல்லை. ஒருவர் மறுத்தால், ஆட்டத்தை நிறுத்திவைத்து நிர்வாகி பார்வையாளராக உள்ளே வந்து பார்க்க வேண்டும். பன்றி உண்மையிலேயே வைக்கப்படவில்லையா, அல்லது கவனக்குறைவில் கண்ணில் படவில்லையா என்பது அவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இதில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு: நிர்வாகி பதிலாக "பழுது இருக்கிறது", "இல்லை" என்ற இரண்டில் ஒன்றை மட்டும்தான் சொல்லலாம். "பன்றி இருக்கிறது, மேற்கே தேடு" என்று சொல்லிவிட்டால் அவரே ஒரு வேவுக்காரர் ஆகிவிடுகிறார்.

அணிகளும் பேட்சுகளும்

மூன்று பேர், நான்கு பேர் கொண்ட அணிகள் மோதும்போது இடம் இன்னும் முக்கியம். அணியினரை அடுத்தடுத்து வைக்கும் அமைப்பை இயக்காவிட்டால், ஒருவர் மூன்று எதிரிகளுக்கு நடுவே பிறக்கக்கூடும். இயக்கினால் ஓரத்தில் இருப்பவர்கள் முதல் அடியை வாங்குகிறார்கள். நடுவில் இருப்பவர் நிதானமாக வளர்ந்து நைட்களோடு வெளியே வருகிறார். ஓரத்தில் வில்லாளி நாகரிகம், நடுவில் குதிரைப்படை நாகரிகம் என்று அணிகள் திட்டமிடுவது இதனால்தான். அறையில் ஆட்டக்காரர்கள் அமரும் எண் வரிசைக்கும் இந்த இடத்துக்கும் தொடர்பு இருப்பதால், யார் எந்த எண்ணில் உட்காரலாம் என்பதையும் நாகரிகத் தேர்வுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். நான்கு பேர் அணிகளின் ஆட்டத்தில் இந்த ஒரு வரி விதியில் இல்லாமல் போனால், அறையைத் திறப்பவருக்குத் தேவையில்லாத அதிகாரம் கிடைத்துவிடுகிறது.

சர்வர் எந்தக் கண்டத்தில் என்பதும் அறை திறப்பவரின் கையில்தான் இருக்கிறது. 2022 அக்டோபரில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் கோட்டையில் நடந்த 'ரெட் புல் வொலோலோ லெகஸி' போல எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைக்க முடிந்தால் தொல்லை இல்லை. சென்னையில் ஒருவர், பிரேசிலில் ஒருவர் என்றால், இருவருக்கும் சமமாகத் தாமதம் வரும் சர்வரைத் தேர்ந்தெடுப்பது நியாயம். இருவருக்கும் குறைவாக வரும் சர்வர் என்ற ஒன்று அவர்களுக்குக் கிடையாது.

கடைசியாக, ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை வழியாக வரும் பேட்சுகள். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பேட்ச் வந்து ஒரு நாகரிகத்தின் சலுகையை வெட்டலாம். விளையாட்டோடு வரும் அரேபியா ஸ்கிரிப்டையும் மாற்றலாம். டெஃபினிட்டிவ் பதிப்பு வந்த பிறகு அது பலமுறை மாறியிருக்கிறது. சில நேரம் திறந்த வெளியாக, சில நேரம் மரங்கள் அடர்ந்ததாக. ஸ்கிரிப்டைப் பொறுத்தவரை தீர்வு எளிது: விளையாட்டோடு வருவதை நம்பாமல், தனி மோடாக (விளையாட்டோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கோப்பாக) ஒரு பிரதியை எடுத்து, அதன் பெயரில் பதிப்பு எண்ணையும் சேர்த்து, போட்டி முடியும் வரை அதையே பயன்படுத்தச் சொல்லலாம். நாகரிகங்களை அப்படி உறையவைக்க முடியாது. பேட்சுக்கு முந்தைய சுற்றில் நடந்த டிராஃப்ட் செல்லுமா, ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டிருந்தால் மறுபடி டிராஃப்ட் செய்ய வேண்டுமா என்று விதியில் எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை என்றால், அரையிறுதிக்கு முந்தைய நாள் இரவு நிர்வாகி இரண்டு கோபக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து அதை எழுத வேண்டியிருக்கும்.